குடும்பத்துக்கு ஒரு நாய்: எங்கே எடுப்பது? சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் புதிதாக நாய் எடுக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. தோட்டத்து நாய்களைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகிற ஒரு சிறு கூட்டத்தில் இருப்பவள். அதனால் என் பதில்கள் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மருந்து, நோய் விஷயங்களில் கடைசி வார்த்தை உங்கள் மருத்துவருடையது.

நாய் எடுக்கும் முன் யார் யாரிடம் கேட்க வேண்டும்?

முதலில் வீடு யாருடையதோ அவரிடம். வாடகை வீடு என்றால் சொந்தக்காரர், தோட்டத்து வீடு என்றால் ஆபிஸ். சில தோட்டங்களில் நாயே கூடாது. சில இடங்களில் கட்டி வளர்த்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். மண்டோர் (தோட்டத்து மேஸ்திரி) "பரவாயில்ல, வளத்துக்கோ" என்று சொன்னதை நம்பி எடுக்காதீர்கள். மேனேஜர் மாறினால் அந்தப் பேச்சும் போய்விடும், அப்போது நாய்க்குத்தான் கஷ்டம்.

தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தரைவீடு என்றால் வசதி. அடுக்குமாடியில் பொதுவாக நாய்க்கு உரிமம் கிடைக்காது. பிபிஆர் போன்ற மலிவு விலை வீடுகளில் இடமே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோட்டம் விற்கப்பட்டோ மூடப்பட்டோ லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்குப் போகும் குடும்பங்கள் நாயை அங்கேயே விட்டுவிடுகின்றன. லாரியில் சாமான் ஏறும், சாமி படம் ஏறும், நாய் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடம்கூட இருக்கும். அதற்குள் நீங்கள் வீடு மாற வாய்ப்பு இருக்கிறதா, மாறினால் எந்த மாதிரி வீட்டுக்கு என்று இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் உள்ளவர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், அப்பா வாங்கித் தருவார், நாய்க்குச் சோறு வைப்பதும் பீ அள்ளுவதும் அம்மாவோ பாட்டியோ. அவர்கள் "சரி" என்று வாயால் சொல்லாத வரை எடுக்க வேண்டாம்.

உரிமம் கட்டாயமா?

ஆமாம். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எந்த வீட்டுக்கு எத்தனை நாய், என்ன கட்டணம், அண்டை வீட்டார் சம்மதம் தேவையா என்பதெல்லாம் கழகத்துக்குக் கழகம் மாறும், கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டை இல்லாமல் ரோட்டில் திரியும் நாயைப் பிடித்துப் போனால், "அது எங்க வீட்டு நாய்" என்று நிரூபிக்க உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

எங்கெங்கே எடுக்கலாம்? உங்கள் வரிசை என்ன?

என்னைக் கேட்டால்: தோட்டத்திலோ அக்கம்பக்கத்திலோ பிறந்த குட்டி, அல்லது காப்பகத்து நாய். இந்த இரண்டில் எது முதலில் என்று உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்றால், தன் வீட்டைத் திறந்து காட்டுகிற பிரீடர் (இன நாய்களை வளர்த்துக் குட்டி விற்பவர்). அதற்குக் கீழே வெகுதூரத்தில் கடை. இணையத்தில் படத்தைப் பார்த்து முன்பணம் கட்டுவது என் பட்டியலிலேயே கிடையாது.

வரிசை எப்படியோ போகட்டும், எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே கேள்வி இதுதான்: "இந்தக் குட்டியோட அம்மா எங்கே? நான் பார்க்கலாமா?" காப்பகத்துக்கு மட்டும் இதில் விலக்கு. மற்ற எவரும் இந்தக் கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் லயத்திலேயே ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்றை எடுக்கலாமா?

தாராளமாக. நம் ஊர் நாட்டு நாய் நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது, மெல்லிய உடம்பு, குட்டை முடி, சாப்பாட்டுக்குப் பெரிய அடம் இல்லை. "கம்போங் நாய்தானே" என்று நாமே மட்டமாகப் பேசுகிறோம். தெலோம் ஆற்றுப் பக்கம் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாட்டு நாய்களை 1963-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே அதுவே தெலோமியன் என்ற இனமாக அறியப்பட்டது. பக்கத்து லயத்தில் படுத்துக் கிடப்பதும் ஏறக்குறைய அதே மாதிரி நாய்தான். வெள்ளைக்காரன் விமானத்தில் ஏற்றினால்தான் நமக்குக் கண்ணில் படும் போலிருக்கிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். எட்டு வாரம் ஆகும் வரை குட்டி தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் ஒன்றையொன்று கடித்துத்தான் கற்றுக்கொள்கின்றன. நான்கு வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி பிள்ளைகளின் கையைக் கடித்துக் குதறுகிறது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. அந்த எட்டு வாரமும் நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரை குட்டி உலகத்தைத் தெரிந்துகொள்ளும் காலம். தினமும் போய்க் கொஞ்ச நேரம் கையில் எடுத்துப் பழக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். மோட்டார் சத்தம், மழை, குடை, பாட்டியின் ஊன்றுகோல் எல்லாம் அதற்கு அப்போதே பழகட்டும்.

எந்தக் குட்டியை எடுப்பது? முதலில் தாயைப் பாருங்கள். குட்டிகளோடு இருக்கும்போது அது உறுமுவது இயல்பு, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சோறு வைப்பவரிடம் எப்படி நடந்துகொள்கிறது, ஆள் வந்தால் ஓடி ஒளிகிறதா, பழகியவர் கை வைத்தால் விடுகிறதா என்று பாருங்கள். பயந்த தாயின் குட்டிகளும் பெரும்பாலும் பயந்தாங்கொள்ளிகளாகவே வளரும். குட்டிகளில் மூலையில் ஒடுங்குவதும் வேண்டாம், எல்லாரையும் மிதித்துத் தள்ளிக்கொண்டு முதலில் பாய்வதும் சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிதானமாக வந்து மோந்து பார்த்துவிட்டு மடியில் ஏறுகிறதே, அது நல்ல குட்டி. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தால் பூச்சி. இரண்டும் மருந்தில் சரியாகக் கூடியவை, அதற்காக ஒதுக்க வேண்டாம். சாப்பிடாமல், ரத்தமாகப் பேதி போகிற குட்டி இருந்தால் மட்டும் எதையும் தொடாமல் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது பார்வோ என்ற கொடிய தொற்றுநோயாக இருக்கலாம்.

இனி நான் கேட்கிற விலை. குட்டி சும்மா கிடைக்கிறது அல்லவா, அந்தக் காசைத் தாய்க்குச் செலவழியுங்கள். பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சினையானால் 63 நாள் கணக்கில் குட்டி. அந்தக் குட்டிகளில் பெட்டையாக இருப்பவை ஒரு வயது ஆகும் முன்பே தாங்களும் சினையாகும். நீங்கள் ஒரு குட்டிக்கு வாழ்வு கொடுத்துவிட்டுத் தாயை அப்படியே விட்டால், ஆறு மாதம் கழித்து அதே படிக்கட்டுக்கு அடியில் இன்னொரு ஈடு குட்டிகள் கிடக்கும். அதனால் குட்டி எடுக்க வரும் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, குட்டிகள் பால் மறந்த பிறகு தாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று வீடு சேர்ந்தால் எவருக்கும் பாரமில்லை. நாயைப் பிடிக்கத் தெரியவில்லை என்றால் ஈப்போவில் இருக்கும் தொண்டு அமைப்புகளிடம் கேளுங்கள். நோவாஸ் ஆர்க் ஈப்போ என்ற அமைப்பு, திரியும் நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் வேலையைப் பல வருடமாகச் செய்து வருகிறது.

வீட்டில் பெட்டைக் குட்டி வேண்டாம் என்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். கடுவனை எல்லாரும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சிய பெட்டைகள் பெட்டியில் ஏறிச் சந்தைக்கோ கோயில் வாசலுக்கோ போகும். பிறகு "ரோட்டு நாய் பெருத்துப் போச்சு" என்று நாமே நகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதுவோம்.

பெட்டையிடம் இருக்கும் தொல்லை பருவமும் சினையும் மட்டும்தான். கருத்தடை செய்துவிட்டால் இரண்டும் இல்லை. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்தும் போகும், சிறு வயதிலேயே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் நன்றாகக் குறையும். காவலுக்கும் பெட்டை சளைத்ததல்ல. கருத்தடை செய்யாத கடுவன்தான் பெட்டையின் வாடைக்கு வேலி தாண்டி ஓடி, சண்டையில் காது கிழிந்து, சில சமயம் லாரியில் அடிபட்டு வருவான். வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கடுவனையே எடுங்கள், ஆனால் அவனுக்கும் கருத்தடை உண்டு.

சந்தைக்குப் பின்னால் பெட்டியில் குட்டி கிடந்தது, தூக்கி வந்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

முதல் வேலை சூடு. கண் திறக்காத குட்டியின் உடம்பு குளிர்ந்திருந்தால் பால் கொடுக்காதீர்கள், செரிக்காது. துணியில் சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடு வந்த பிறகு கொடுங்கள். டின் பால் வேண்டாம், மைலோ வேண்டவே வேண்டாம், சாக்லேட் சேர்ந்தது. குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவுதான் சரி. கவிழ்ந்து படுத்த நிலையில்தான் ஊட்ட வேண்டும். பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

நன்றாக வளர்ந்த குட்டி, கழுத்தில் பட்டை இருக்கிறது என்றால் யாரோ தேடிக்கொண்டும் இருக்கலாம். அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் படம் போடுங்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள்.

காப்பகத்தில் எடுத்தால் நிறைய கேள்வி கேட்கிறார்களாமே?

கேட்கட்டும். கேட்காத காப்பகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேலி இருக்கிறதா, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், கட்டியே வைப்பீர்களா, முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சிலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். நமக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருக்கும், "நாய்தானே, பொண்ணு பாக்கிற மாதிரி வர்றாங்களே" என்று. திரும்பி வந்த நாய்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் அப்படி ஆனார்கள்.

நமக்குப் பக்கத்தில் ஈப்போ எஸ்பிசிஏ (விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கம்) இருக்கிறது. பினாங்கு எஸ்பிசிஏ, அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்பிசிஏ என்று தூரத்திலும் உண்டு. பொதுவாக ஒரு தத்துக் கட்டணம் வாங்குவார்கள். அதில் தடுப்பூசி, கருத்தடை எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி மிகச் சிறியதாக இருந்தால் பிறகு கருத்தடைக்குக் கொண்டுவருவேன் என்று கையெழுத்து வாங்குவார்கள்.

சனி, ஞாயிறு கூட்டத்தில் போகாமல் முடிந்தால் வேலை நாளில் போங்கள். கூண்டுக்குள் எல்லா நாயும் குரைக்கும், அதை வைத்து எதுவும் தெரியாது. சங்கிலி போட்டு வெளியே கொண்டுவரச் சொல்லிக் கொஞ்ச நேரம் நடத்திப் பாருங்கள். பராமரிக்கும் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த நாய் எதைப் பார்த்தால் பயப்படும், எது பூனையைத் துரத்தும் என்று நோட்டுப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் அவருக்குத் தெரியும். இன்னொன்று, காப்பகம் என்ற பெயரில் நடக்கும் எல்லா இடமும் காப்பகம் அல்ல. உள்ளே விடமாட்டோம், படம் மட்டும் அனுப்புவோம், நன்கொடை மட்டும் போடுங்கள் என்றால் விலகிவிடுங்கள்.

வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டுமா?

ஒட்டும். முதல் சில நாள் சோறு தின்னாமல் மூலையில் கிடக்கும், சில வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று நான்கு மாதத்தில் பழைய ஆள் மாதிரி வாசலில் படுத்திருக்கும். கணவன், மனைவி இரண்டு பேரும் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிற வீட்டுக்கு நான் எப்போதும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட நாயைத்தான் சொல்வேன். எவ்வளவு வளரும், எப்படிப்பட்ட குணம் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, செருப்பையும் கடிக்காது. குட்டிக்குப் பகலில் நாலைந்து முறை சோறும் காவலும் வேண்டும், அதற்கு ஆள் இல்லாத வீட்டில் குட்டி வளர்ப்பது கொடுமை.

கடையில் வாங்கினால் என்ன தப்பு? பாவம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறதே.

அந்தப் பாவத்தில்தான் வியாபாரமே ஓடுகிறது. நீங்கள் ஒன்றைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மறுநாளே அந்தப் பெட்டிக்குள் வேறொன்று வந்துவிடும். அதன் தாய் எங்கேயோ ஒரு கூண்டில் அடுத்த ஈடு போட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தாயை நீங்கள் பார்க்கவே முடியாது.

வாங்கியே தீருவேன் என்றால், கால்நடைச் சேவைத் துறையின் உரிமம் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த தேதி, போட்ட தடுப்பூசியின் ஒட்டுச்சீட்டோடு கூடிய அட்டை, மருத்துவரின் முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். வாங்கிய ஓரிரு நாளில் உங்கள் மருத்துவரிடம் காட்டி, நோய் இருந்தால் திருப்பித் தரலாம் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் பேச்சு இதோடு முடிந்துவிடும்.

பேஸ்புக்கில் ஒரு பொமரேனியன் மிக மலிவாக வந்திருக்கிறது. முன்பணம் கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். ஒரே குட்டியின் படம் ஐந்து ஊர்க்காரர் பெயரில் ஓடும். முன்பணம், பிறகு லாரிக் காசு, பிறகு "பெர்மிட்" காசு, பிறகு நம்பரே இருக்காது. படம் உண்மையாகவே இருந்தாலும், ஹைவே ஓய்விடத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ வந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்பவர் தன் வீட்டைக் காட்ட விரும்பாதவர். தாய்லாந்து எல்லை வழியாகத் திருட்டுத்தனமாக வருகிற குட்டிகளும் இந்த வழியில்தான் விற்கப்படுகின்றன. ஊசி இல்லை, காகிதம் இல்லை, பால் மறக்கும் முன்பே பிரித்தெடுத்தவை.

நல்ல பிரீடரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரிரு இனம் மட்டும் வைத்திருப்பார். எந்த நேரமும் குட்டி இருக்காது, காத்திருக்கச் சொல்வார். தாயைக் காட்டுவார், தகப்பன் வேறு ஊரில் இருந்தால் காகிதத்தைக் காட்டுவார். பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும், அதற்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேட்டால் கோபப்பட மாட்டார். மலேசிய கெனல் சங்கப் பதிவு என்று சொன்னால் சான்றிதழைக் கையில் வாங்கி, அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணையும் குட்டியின் உடம்பில் உள்ள எண்ணையும் மருத்துவமனையில் ஒத்துப் பாருங்கள். சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. முக்கியமாக, "வளர்க்க முடியாவிட்டால் என்னிடமே கொண்டுவாருங்கள்" என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

பக்கத்துத் தாமானில் "ஒரு ஈடு எடுத்தால் வாங்கின காசு வந்துவிடும்" என்று ஷிட்சு ஜோடி வைத்திருப்பவர் பிரீடர் அல்ல. நல்ல மனிதராக இருக்கலாம், அது வேறு.

ராட்வைலர், அல்சேஷன், பிட்புல் வாங்கலாமா? ஹஸ்கி?

பிட்புல் கூடாது. பிட்புல், அகிதா, ஜப்பானிய தோசா, நியோபோலிட்டன் மஸ்டிஃப், டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, அமெரிக்கன் புல்டாக் ஆகியவை இந்நாட்டில் கால்நடைச் சேவைத் துறையின் தடைப் பட்டியலில் உள்ளவை. யாராவது "மிக்ஸ்தான், ஒன்றும் ஆகாது" என்று விற்றால் பிறகு மாட்டுவது நீங்கள். ராட்வைலர், டாபர்மேன், அல்சேஷன், புல் டெரியர், புல் மஸ்டிஃப் போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, கூடுதல் நிபந்தனை இருக்கும். உரிமம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பிறகு நாயைத் தேடுங்கள்.

ஹஸ்கி பனிக்குப் பிறந்தது. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் நாம் செருப்பில்லாமல் நிற்க முடியாத ஊரில், தகரக் கூரை வீட்டில் அதை வைக்க வேண்டாம். ஏர்கோன் போட்டு வளர்ப்பேன் என்றால் மாதாந்திர மின்சார பில்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இராஜபாளையம் நாய் கொண்டுவர முடியுமா?

முறைப்படி முடியும்: இறக்குமதி உரிமம், ரேபிஸ் ஊசி, மருத்துவச் சான்று, இங்கே வந்ததும் தனிமைப்படுத்தல். காசும் அலைச்சலும் பெரிது. லயத்து முற்றத்துக்கு அந்த நாய் பத்தாது, ஓடப் பிறந்தது. ஆசை பெருமைக்காக மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

காவலுக்குத்தான் நாய் வேண்டும். எதை எடுப்பது?

ஆள் வந்தால் குரைக்கிற நாய் போதும், கடிக்கிற நாய் வேண்டாம். குரைத்தாலே திருடன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். கடித்தால் கடிபடுவது தபால்காரர், எரிவாயுத் தோம்பு கொண்டுவருபவர், எதிர்வீட்டுப் பிள்ளை. நாட்டு நாய் இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்காமலே செய்யும்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் காவல் நாய் ஆகாது. பயமும் எரிச்சலும் ஏறி, ஒரு நாள் சங்கிலி அறுந்தால் முதலில் கண்ணில் பட்டவரைக் கடிக்கும். வேலி போட முடியுமா என்று பாருங்கள். வேலி இல்லை, கட்டத்தான் வேண்டும், வெளியே நடத்திக்கொண்டு போகவும் ஆள் இல்லை என்றால் காவலுக்கு நல்ல பூட்டு வாங்குங்கள்.

எங்கள் பக்கத்து வீடு மலாய்க் குடும்பம். பிரச்சினை வருமா?

பேசிவிட்டு எடுத்தால் பெரும்பாலும் வராது. நாயின் எச்சில் பட்டால் மண்ணும் நீரும் கொண்டு ஏழு முறை கழுவ வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது. நம் நாய் அவர்கள் செருப்பை நக்கினால் நமக்கு விளையாட்டு, அவர்களுக்கு வேலை. அதனால் நாய் நம் வேலிக்குள்தான் இருக்க வேண்டும், கூண்டு அவர்கள் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, கழுவிய தண்ணீர் அவர்கள் பக்கம் ஓடக் கூடாது. எடுப்பதற்கு முன் ஒரு முறை போய் "மக் சிக், ஒரு நாய் வளர்க்கலாம்னு இருக்கோம், தொந்தரவா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பின்னால் எழுதப்படப் போகிற பல புகார்கள் அங்கேயே நின்றுவிடும்.

போன நாய் பார்வோவில் செத்துப்போனது. எப்போது அடுத்ததை எடுக்கலாம்?

பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில், நிழலான ஈர இடத்தில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். பினாயில் போட்டுக் கழுவினால் போகாது. சிமெந்துத் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (ப்ளீச்) முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பழைய பாய், தட்டு, கயிற்றை எறிந்துவிடுங்கள். மண் தரையை ஒன்றும் செய்ய முடியாது, வெயிலும் காலமும்தான்.

இந்த வீட்டுக்கு ஊசி முடியாத குட்டி வேண்டாம். தடுப்பூசி முழுதும் போட்ட வளர்ந்த நாயை எடுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தியவர்கள் "ஊசி போட்டும் செத்துப் போச்சே" என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறோம். வேறு ஆபத்து உண்டா?

எலி. செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குத் தோட்டம் மருந்து வைக்கும். அந்த மருந்தை நாய் நேராகத் தின்றாலும், மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறில், மூக்கில் ரத்தம் கசியும், அதற்குள் நேரம் போய்விடும். மருந்து வைக்கும் வாரத்தை ஆபிஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு நாயைக் கட்டி வையுங்கள். நாய் தின்றுவிட்டது என்று தெரிந்தால் மருந்தின் உறையோடு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்கு அதற்கு ஊசி உண்டு, கேட்டுப் போடச் சொல்லுங்கள். உண்ணிக்கும் கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கும் மாத மருந்து வேண்டும். ஆக, காட்டுக்குள் சுற்ற விட்டு வளர்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரேபிஸ் பயம்?

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது. 2017 முதல் சரவாக்கில் உயிர்ச்சேதத்தோடு நீடித்தது. எந்த நாய் கடித்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் பத்து, சுண்ணாம்பு வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

இலவசக் குட்டி என்று எதுவும் இல்லை. முதல் வருடத்தில் மூன்று நான்கு தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை, உரிமம், பட்டை, சங்கிலி, அப்புறம் மாதா மாதம் சாப்பாடும் உண்ணி மருந்தும். ஈப்போவில் இரண்டு மூன்று கிளினிக்குகளுக்குப் போன் செய்து கருத்தடைக் கட்டணம் கேளுங்கள், நாயின் எடையைப் பொறுத்து மாறும். மாவட்டக் கால்நடை அலுவலகத்திலும் விசாரியுங்கள், அரசாங்கக் கட்டணம் குறைவு. குட்டி வாங்கக் கொடுக்க நினைத்த பணத்தைக் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்தால் இதில் பெரும் பகுதி அடங்கிவிடும்.

தீபாவளிக்கு மகளுக்குப் பரிசாக ஒரு குட்டி?

வேண்டாம். பட்டாசுச் சத்தத்தில், விருந்தாளிக் கூட்டத்தில் புதுக் குட்டி வேலிக்கு அடியில் புகுந்து ஓடும். தீபாவளி முடிந்து, பள்ளி விடுமுறை தொடங்கும்போது எடுங்கள், கூட இருக்க ஆள் இருக்கும்.

எடுத்த பிறகு ஒத்து வரவில்லை என்றால்?

முதலில் எங்கே எடுத்தீர்களோ அங்கே சொல்லுங்கள். காப்பகமும் நல்ல பிரீடரும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், தோட்டத்தில் எடுத்தது என்றால் எடுத்துக் கொடுத்தவரிடம் பேசுங்கள். கடிக்கிறது, குரைக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், வலி இருந்தாலும் நாய் கடிக்கும். வேறு வீடு தேடுவதானால் கருத்தடை, ஊசி எல்லாம் முடித்துக் கொடுங்கள், அப்படிப்பட்ட நாய்க்குச் சீக்கிரம் வீடு கிடைக்கும். இரவோடு இரவாகக் கோயிலிலோ பால்மரக் காட்டிலோ இறக்கிவிட்டு வருவது குற்றம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வீடு தேட நாங்களும் உதவுவோம். ஆனால் எங்களிடம் கூண்டு இல்லை, புது வீடு கிடைக்கும் வரை நாய் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.